டப்பாவில் எழுதிய இரும்பு, உடம்பில் சேரும் இரும்பு

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்லிடைக்குறிச்சியில் அக்கா வீட்டுப் பட்டாசலில் நான்கு பால் பவுடர் டப்பாக்கள், ஒரு பித்தளைச் சங்கு, ஒரு பொட்டலம் கேப்பை மாவு எல்லாம் கொலு வைத்ததுபோல் வரிசையாக இருந்தன. பக்கத்தில் பாயில் நாலரை மாதப் பிள்ளை நான்கு விரல்களையும் வாய்க்குள் திணித்துக்கொண்டு கிடந்தான். அக்கா மகள் காந்திமதி மறுவாரம் வேலைக்குத் திரும்ப வேண்டும். தனியார் கல்லூரி. சட்டப்படி கிடைத்த பிரசவ விடுப்பு 26 வாரம். அதில் ஆறு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டாள். மிச்சமிருந்த 20 வாரமும் தீர்ந்துவிட்டது. அரசு ஊழியராக இருந்திருந்தால் தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுப்பு உண்டு. இந்தப் பஞ்சாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

"சித்தி, நீங்கள்தானே மருந்துக்கடை வைத்திருக்கிறீர்கள். எது நல்லது என்று சொல்லுங்கள், அதன்படி செய்கிறோம்" என்றாள். சொன்னதைச் செய்கிறவர்கள் யாரும் அந்த வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும். சங்கைக் கொண்டுவந்து வைத்தவர் அவளுடைய மாமியார், எனக்கு மதினி முறை. டப்பாக்களில் இரண்டு, துபாயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அனுப்பியவை: ஒன்று ஐரோப்பாவில் தயாரானது, மற்றொன்று அவருடைய நண்பர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. மூன்றாவது நம் ஊர்க் கடையில் வாங்கியது. நான்காவது சோயா, எதிர்வீட்டுப் பெண் சொன்னதற்காக வாங்கினார்களாம். கேப்பை மாவு அக்காவின் கட்சி.

அம்பாசமுத்திரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடை நடத்துகிறேன். பால் பவுடரில் எந்தக் கம்பெனிக்கும் நான் வாய் திறந்து சிபாரிசு செய்வதில்லை. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டப்பாவின்மேல் கொழுகொழுவென்று பிள்ளைப் படம்கூடப் போடக் கூடாது. நல்ல சட்டம். அதனால் இந்தக் கட்டுரையிலும் பெயர் எதுவும் வராது. பெயர் தேவையும் இல்லை. டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலின் கடைசி ஏழெட்டு வரிகள் போதும். இரும்பு, துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு, செலினியம். முன்பக்கம் மூளை வளர்ச்சி, கண் பார்வை என்று என்னென்னவோ பெரிய எழுத்தில் இருக்கும். யாரும் கண்ணாடி போட்டுப் படிக்காத இந்த வரிகளில்தான் எனக்குக் கவனம்.

காரணம் எளியது. வைட்டமின் சி கொஞ்சம் கூடிப்போனால் சிறுநீரோடு போய்விடும். உலோகம் அப்படிப் போகாது. தாமிரத்தையும் மாங்கனீசையும் உடம்பு வெளியேற்றும் வழி பித்தநீர்; பச்சைப் பிள்ளைக்கு அந்த வழி முழுதாகத் திறந்திருக்காது. இரும்பை வெளியேற்ற உடம்பில் தனி வழியே இல்லை, உள்ளே விடாமல் தடுப்பது மட்டும்தான். குறைந்தால் ரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, அடிக்கடி பேதி. கூடினால் ஈரலுக்கும் மூளைக்கும் கேடு. அதோடு, மற்றவர்களைப்போல் பிள்ளை நாளுக்கு நாலு வகை தின்பதில்லை. ஆறு மாதம் வரை ஒரே உணவு. அந்த ஒன்றில் தப்பு இருந்தால் ஒவ்வொரு வேளையும் அதே தப்பு.

முதலில் டப்பாக்களை எடுத்தேன்.

நம் ஊர் டப்பாவில் இரும்பு 5.2 மில்லிகிராம் என்று இருந்தது. அமெரிக்க டப்பாவில் 1.8. ஐரோப்பிய டப்பாவில் 0.53. "பார்த்தீர்களா, நம் ஊர் டப்பாவில்தான் சத்து அதிகம்" என்றார் அக்காவின் கணவர். அத்தானுக்கு நாற்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிய கை. ஆனால் அளவைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டார். நம் ஊர் எண், 100 கிராம் பவுடருக்கு. அமெரிக்க எண், 100 கிலோகலோரிக்கு. ஐரோப்பிய எண், கலக்கிய பால் 100 மில்லிக்கு. மூன்றும் மூன்று படி. ஒரே படிக்குக் கொண்டுவந்தால்தான் ஒப்பிட முடியும்.

100 மில்லி பால் கலக்கச் சுமார் 13.5 கிராம் பவுடர் வேண்டும். அப்படியானால் நம் ஊர் டப்பாவில் 100 மில்லிக்கு 0.7 மில்லிகிராம் இரும்பு. கலக்கிய பால் 100 மில்லியில் சுமார் 67 கிலோகலோரி. அந்தக் கணக்கில் அமெரிக்க டப்பா 1.2. ஐரோப்பிய டப்பா அதே 0.53. ஆக, பெரிய எண் நடுவில் போய்விட்டது, நடு எண் மேலே ஏறிவிட்டது. அத்தான் பேனாவை எடுத்து டப்பாவின்மேலேயே மூன்றையும் எழுதிவைத்தார். டப்பா வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்: 100 மில்லிக்கு என்ற பத்தியைத் தேடுங்கள். நம் நாட்டு டப்பாக்களில் பெரும்பாலும் அந்தப் பத்தி பவுடர் கணக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

எல்லாம் குழந்தைப் பால்தானே, ஏன் இந்த வித்தியாசம்? ஒவ்வொரு நாட்டின் விதியும் ஒவ்வொரு மாதிரி. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ், இரும்புக்குக் கீழ் எல்லையாக 100 கிலோகலோரிக்கு 0.45 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. மேல் எல்லையை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஐரோப்பாவில் பசும்பாலை மூலமாகக் கொண்ட பவுடருக்கு 0.3 முதல் 1.3 வரை. அமெரிக்காவில் மேல் எல்லை 3 வரை போகிறது. அங்கே 1 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால்தான் இரும்பு சேர்த்தது என்று எழுதலாம். அமெரிக்கர்கள் 1959-இலிருந்து இரும்பு சேர்த்த பவுடர் விற்கிறார்கள். அதனால் அங்கே பிள்ளைகளின் ரத்தசோகை வெகுவாகக் குறைந்தது. ஆகவே அவர்கள் தாராளமாகப் போடுகிறார்கள். ஐரோப்பியர்கள் கையைச் சுருக்கிப் போடுகிறார்கள்.

யார் சரி? சிலி நாட்டில் ஒரு பழைய ஆய்வு உண்டு. சில குழந்தைகளுக்கு லிட்டருக்கு 12 மில்லிகிராம் அளவு இரும்புள்ள பால், சிலருக்கு 2 மில்லிகிராமை ஒட்டியது. பத்து வயதில் அதே பிள்ளைகளைப் பரிசோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். முதலிலேயே ரத்தத்தில் ஹீமோகுளோபின் நன்றாக இருந்த பிள்ளைகளில், அதிக இரும்பு குடித்தவர்கள் பரிசோதனைகளில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். ரத்தம் குறைவாக இருந்தவர்களுக்கோ அதே அதிக இரும்பு நன்மை செய்தது. ஒரு ஆய்வை வைத்து ஊரை முடிவு செய்ய முடியாது. ஆனாலும் "அதிகம் இருந்தால் நல்லதுதானே" என்று கடையில் என்னிடம் வாதிடுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லுவேன். நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த காந்திமதியின் பிள்ளைக்கு நடுவில் நிற்கும் டப்பா போதும் என்பது என் தீர்ப்பு. அமெரிக்க டப்பா நஞ்சு இல்லை, அங்கே கோடிக்கணக்கான பிள்ளைகள் குடித்து வளர்ந்திருக்கிறார்கள். ஆனால் அது தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும்? 800 மில்லி குடிக்கும் பிள்ளைக்கு 400 கிராம் டப்பா நாலு நாள்கூட வராது. விமானத்தில் வரும் டப்பாவை நம்பி பிள்ளையின் வயிற்றைப் பழக்க முடியாது.

சோயா டப்பாவை மூடிவைக்கச் சொன்னேன். எதிர்வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவர் அதை எழுதிக் கொடுத்திருக்கலாம். பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கவே முடியாமல் பிறக்கும் அரிதான பிள்ளைகளுக்கு அது உயிர்காக்கும் பால். மற்றபடி பருப்பு வகையில் இயல்பாக உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஐரோப்பிய விதியில் சோயாப் பவுடருக்கு மட்டும் இரும்பும் துத்தநாகமும் கூடுதலாகப் போடச் சொல்கிறார்கள். கூடவே மாங்கனீசு. தாய்ப்பாலில் லிட்டருக்கு ஒற்றை இலக்க மைக்ரோகிராம் கணக்கில் இருப்பது சோயாப் பாலில் நூறுகளில் இருக்கும். விதி அதை அனுமதிக்கிறது. பித்தநீர் வழி சரியாகத் திறக்காத பிள்ளைக்குக் காரணமே இல்லாமல் அதை ஏன் கொடுக்க வேண்டும்? ஒரு தடவை பேதி ஆனதற்காக யாராவது "சோயாவுக்கு மாற்றுங்கள்" என்றால் மாற்றாதீர்கள். பேதிக்குக் கொடுக்க வேண்டியது உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும். ஆறு மாதத்துக்குக் கீழே நாளுக்கு 10 மில்லிகிராம், மேலே 20, மொத்தம் 14 நாள். நாலாம் நாளே பேதி நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம்.

இனி சங்கு.

மதினி அதை வைத்த விதத்திலேயே தெரிந்தது, வீட்டில் மூன்று தலைமுறைக்குப் பால் புகட்டிய சங்கு. விளிம்பு தேய்ந்து மழுங்கியிருந்தது. உள்பக்கம் பச்சை பூத்த ஒரு சின்ன வளையம், புளி போட்டுத் தேய்த்தும் போகாதது. பக்கத்து வீட்டுப் பசுவின் பாலைத் தண்ணீர் கலந்து காய்ச்சி இதில் புகட்டினால் போதும் என்பது அவர் யோசனை. "இவள் மாப்பிள்ளைக்கும் அவன் அண்ணனுக்கும் இதில்தான் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லையே" என்றார். ஒன்றும் ஆகவில்லை, உண்மைதான். நம் தாமிரபரணிக்கே பெயர் தாமிரத்தில்தான் தொடங்குகிறது. வாகைக்குளத்துப் பித்தளை வீட்டுக்கு வீடு உண்டு. செம்பு என்றாலே நல்லது என்று பழகிய ஊர் நமது. இந்தச் சங்கைப் பற்றித் தப்பாகப் பேசினால் யாருக்குப் பிடிக்கும்?

ஆனால் ஈரல் குலைக்கட்டி என்ற சொல்லை மதினி வயதுக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். பழைய பத்திரிகைகளில் அதற்கு மருந்து விளம்பரம் இல்லாத இதழே இருக்காது. நன்றாக இருந்த பிள்ளைக்கு வயிறு உப்பி, ஈரல் கல்லாக இறுகி, மஞ்சள் பூத்து, பெரும்பாலும் இரண்டு மூன்று வயதுக்குள் போய்விடும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள்கூட. பாலாரிஷ்டம், தோஷம் என்றார்கள். 1983-இல் புணே மருத்துவர்களும் பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த நோய் வந்த பிள்ளைகளின் ஈரலில் தாமிரம் குவிந்திருந்தது. பிறந்த சில மாதங்களிலேயே மாட்டுப் பாலையோ எருமைப் பாலையோ பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்துக் கொடுத்திருந்தார்கள் என்று கண்டார்கள். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் தாமிரத்தைப் பற்றிக்கொள்ளும். ஈயம் பூசாத பித்தளையில் பால் மணிக்கணக்கில் கிடந்தால் தாமிரம் பாலுக்குள் இறங்கும். பித்தளை போய் எவர்சில்வர் வந்தது; நோயும் ஏறக்குறைய மறைந்தது. பித்தளையில் குடித்த எல்லாப் பிள்ளைக்கும் அது வரவில்லை. உடல்வாகும் சேர வேண்டும். மதினியின் பிள்ளைகள் தப்பித்த பக்கம்.

"ஈயம் பூசிக்கொண்டு வந்தால்?" என்று கேட்டார். விடுகிற ஆள் இல்லை. நம் பேச்சில் ஈயம் என்பது இரண்டு உலோகத்துக்குப் பொதுப்பெயராகப் போய்விட்டது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பூச வேண்டியது வெள்ளீயம். பூசுகிறவர் செலவைக் குறைக்கக் காரீயம் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை. அதிலும் ஒரு விவரம் உண்டு. இரும்பு குறைந்த குடல், இரும்பைப் பிடிக்கத் தன் மடையை அகலத் திறந்துவைக்கும்; அதே மடை வழியாகத்தான் காரீயமும் மாங்கனீசும் வரும். கன்னடியன் கால்வாயில் மடையைத் தூக்கினால் தண்ணீரோடு ஆகாயத்தாமரையும் வயலுக்குள் வருவதைப்போல. ரத்தம் குறைந்த பிள்ளைக்குத்தான் விஷமும் அதிகம் ஏறும்.

சங்கின் வடிவத்தை நான் குறை சொல்லவில்லை. பாட்டிலைவிடச் சங்கு எவ்வளவோ மேல். கழுவுவது எளிது, இடுக்கு கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் குறைமாதப் பிள்ளைகளுக்குப் பாலாடை என்ற சங்கு போன்ற கிண்ணத்தில்தான் புகட்டுகிறார்கள். எவர்சில்வரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

பாத்திரத்தை மாற்றினாலும் மாட்டுப்பால் கேள்வி அப்படியே நிற்கிறது. இதைத்தான் எங்கள் பக்கம் அதிகம் பேர் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு லிட்டர் மாட்டுப்பாலில் இரும்பு அரை மில்லிகிராம். தாய்ப்பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், இன்னும் சற்றுக் குறைவு என்றே சொல்ல வேண்டும். எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்று. ஆனால் தாய்ப்பாலின் இரும்பில் பாதி வரை பிள்ளைக்குச் சேரும் என்பார்கள். மாட்டுப்பாலில் பத்தில் ஒரு பங்குதான். மாட்டுப்பாலில் கால்சியம் லிட்டருக்கு 1,200 மில்லிகிராம், தாய்ப்பாலில் 300 அளவு. அந்தக் கால்சியமும் கேசினும் சேர்ந்து இரும்பைச் சேரவிடாது. கன்றுக்குட்டி சீக்கிரமே எலும்பு முற்றி ஓட வேண்டும், அதற்கான பால் அது. அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றினால் உள்ளதும் பாதி. இன்னொன்று, சின்னப் பிள்ளைகள் சிலருக்கு மாட்டுப்பாலால் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவு ஏற்படும். வரவு குறைவு, செலவு கூடுதல். தாய்ப்பால் இல்லாத பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு மாட்டுப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லியிருக்கிறது. நான் ஒரு வயது வரை காத்திருக்கச் சொல்லுவேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. ஈரல், முட்டை, மீன் என்று கூடவே கொடுக்கும் வீடுகளுக்கு அந்தச் சலுகை பொருந்தும். பாலும் பருப்புத் தண்ணீருமாக வளரும் பிள்ளைக்குப் பொருந்தாது.

கழுதைப்பாலைப் பற்றியும் யாரோ எடுத்தார்கள். தெருவில் சங்குக் கணக்கில் கறந்து விற்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள். பச்சைப் பால், காய்ச்சாத பால். அதைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

சங்கோடு கூடவே இன்னொரு விஷயம் வெளிவந்தது. வீட்டில் புதிதாகக் குழாய் வைத்த செம்புக் குடம் ஒன்று வாங்கியிருக்கிறார்கள், இரவு முழுவதும் வைத்த தண்ணீரைக் காலையில் குடிப்பதற்கு. அந்தத் தண்ணீரில்தான் பால் பவுடரைக் கலக்குவதாகத் திட்டம். நல்ல வேளை, கேட்டேன். பெரியவர்கள் குடிக்கட்டும். பவுடரில் தாமிரம் ஏற்கெனவே அளந்து போட்டிருக்கிறார்கள். அதன்மேல் குடத்துத் தாமிரம் எதற்கு? ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் கவனம் வேண்டும். வாளியில் பழுப்பாகவோ கறுப்பாகவோ கறை படிகிற தண்ணீரில் இரும்பும் மாங்கனீசும் இருக்கும். தண்ணீரில் மாங்கனீசுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த எல்லை லிட்டருக்கு 80 மைக்ரோகிராம்; பவுடர் கலக்கிய பால் குடிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்தே அதை அவ்வளவு இறக்கினார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். நல்ல குடிநீரைக் கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் பவுடரைப் போட்டு, பிறகு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுக்க வேண்டும். பவுடர் கிருமி நீக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்தச் சூடு பவுடரில் உள்ள கிருமிக்காக.

அக்காவின் கேப்பைக்கு நான் எதிரி இல்லை. 100 கிராம் கேப்பையில் இரும்பு 4 மில்லிகிராமுக்குக் குறையாது, கால்சியம் 340-க்கு மேல். ஆனால் ஆறு மாதம் ஆகட்டும். அதன் உமியோடு ஒட்டிய ஃபைட்டேட்டும் துவர்ப்பும் இரும்பைப் பிடித்துவைக்கும். முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து அரைத்தால் அந்தப் பிடி தளரும். நம் ஆச்சிமார் முளைகட்டித்தான் செய்தார்கள். கடையில் இப்போது வரும் மாவுகளில் எத்தனை முளைகட்டியவை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெயரில் மட்டும் முளை இருக்கும்.

தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவதைத்தான் கடைசியாகப் பேசினோம். அது முதலில் பேசியிருக்க வேண்டியது. டப்பாக்கள் பளபளத்ததால் யாருக்கும் தோன்றவில்லை.

"என் பாலில் சத்து இருக்குமா சித்தி? எனக்கே ரத்தம் 10தான் இருக்கிறது" என்றாள் காந்திமதி. நல்ல கேள்வி. தாய்ப்பாலின் இரும்பும் துத்தநாகமும் தாமிரமும் தாயின் சாப்பாட்டைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. தாய்க்குக் குறைந்திருந்தாலும் பிள்ளையின் பங்கை உடம்பு ஒதுக்கிவிடும். செலினியம் மட்டும் தாய் தின்பதைப் பொறுத்தது. அதனால் முருங்கைக்கீரை அவள் சாப்பிட வேண்டும், பாலுக்காக இல்லை, அவளுக்காக. இரும்பு மாத்திரையும் நிறுத்தக் கூடாது.

ஆனால் தாய்ப்பாலுக்கும் ஒரு எல்லை உண்டு, அதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. துத்தநாகம் சீம்பாலில் ஏராளம். மாதம் ஆக ஆகக் குறைந்து, ஆறாம் மாதத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவுக்கு வந்துவிடும். இரும்பு? பிள்ளை நாளுக்கு 800 மில்லி குடித்தால் 0.3 மில்லிகிராம் அளவு உள்ளே போகும், சேருவது அதில் பாதிகூட இல்லாமல் போகலாம். அரையாண்டுக்குப் பிறகு பிள்ளைக்குத் தினமும் சேர வேண்டியது 0.7 முதல் 0.9 வரை. அதுவரை ஈடுகட்டுவது வயிற்றிலிருந்து கொண்டுவந்த சேமிப்பு. பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து வெட்டினால் அந்தச் சேமிப்பு கூடும். குறைமாதமாகவோ எடை குறைந்தோ பிறந்தால் சீக்கிரம் தீரும். நிறைமாதப் பிள்ளைக்கு நாலு முதல் ஆறு மாதம் வரை வரும். நம் ஊர் டப்பாவில் அதே 800 மில்லிக்கு 5.6 மில்லிகிராம் போகிறது, பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலும் 0.56. ஆக, இரும்புக் கணக்கை மட்டும் பார்த்தால் டப்பா ஜெயிக்கிறது. இதைச் சொன்னதும் அக்கா என்னை முறைத்தாள். ஆனால் பிள்ளையைக் காப்பது இரும்பு மட்டுமா? பேதியிலிருந்தும் சளியிலிருந்தும் காக்கும் பொருள்கள் டப்பாவில் இல்லை. ஒரு பேதியில் போகும் துத்தநாகத்தையும் எடையையும் டப்பாவின் எந்த வரியும் திருப்பித் தராது. இரும்புக் குறையை ஒரு சொட்டு மருந்து தீர்த்துவிடும்.

இந்த நேரத்தில் முக்கூடல் பக்கத்திலிருந்து கடைக்கு வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டேன். வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறவள். பிள்ளை மடியிலேயே இருக்கும், பால் கொடுக்கத் தடையே இல்லை. ஆனாலும் மூன்றாம் மாதத்திலிருந்து டப்பா வாங்கினாள், பால் போதவில்லை என்று யாரோ சொன்னதால். டப்பா விலை கட்டுபடியாகவில்லை. இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டு நாளை ஓட்டியிருக்கிறாள். அதில் இரும்பும் பாதி, துத்தநாகமும் பாதி, எல்லாமே பாதி. ஏழாம் மாதம் பிள்ளை வெளிறிப்போய் வந்தது. எந்த நாட்டு டப்பா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டா? நாலு நாளுக்கு ஒரு டப்பா வாங்க முடியாதென்றால் டப்பாவைத் தொடாமல் இருப்பதே மேல். புகையிலைத் தட்டிலிருந்து எழுந்தால் கையைச் சோப்பால் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கச் சொல்லி அனுப்பினேன். புகையிலையில் காட்மியம் என்ற வேண்டாத உலோகம் இருக்கிறது.

காந்திமதி விஷயத்தில் கடைசியில் ஒப்புக்கொண்டது இப்படி. காலை ஏழு மணிக்குக் கிளம்புமுன் ஒரு முறை, மாலை வந்ததும் ஒரு முறை, இரவெல்லாம் தாய்ப்பால். கல்லூரியில் இடைவேளையில் பீய்ச்சி எவர்சில்வர் தூக்கில் ஐஸ் வைத்துக் கொண்டுவருவது. மறுநாள் பகலில் இரண்டு வேளைக்கு அது. வெளியில் வைத்தால் நாலு மணி நேரம், நம் ஊர் வெயிலில் அதற்கும் குறைவாகவே நம்பலாம். குளிர்பெட்டியில் நாலு நாள். பகலில் குறைகிற ஒரு வேளைக்கு நம் ஊர் டப்பா, அளவு தப்பாமல். ஐரோப்பிய டப்பாவையும் அமெரிக்க டப்பாவையும் அக்கா யாருக்கோ கொடுக்கக் கிளம்பினாள். தேதி பார்த்துக் கொடு என்றேன். ஆறு மாதம் முடிந்ததும் முளைகட்டிய கேப்பைக் கூழ், முட்டை மஞ்சள் கரு, வாரம் இரண்டு நாள் மீனோ ஈரலோ. அத்தோடு கிராம சுகாதாரச் செவிலியர் இலவசமாகத் தரும் இரும்புச் சொட்டு மருந்து, வாரம் இரு முறை ஒரு மில்லி. அதில் 20 மில்லிகிராம் இரும்பு.

மதினி சங்கை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோபமா என்று தெரியவில்லை. பிறகு பார்த்தபோது எவர்சில்வர் சங்கில் அவர்தான் புகட்டிக்கொண்டிருந்தார், பித்தளைச் சங்கு பூஜை அறையில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் வேலையில் இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அதே மதினி போன் செய்தார். நல்ல மழை, குரல் சரியாகக் கேட்கவில்லை. பிள்ளை கறுப்பாக வெளிக்குப் போகிறான், தார் மாதிரி இருக்கிறது, அந்தச் சொட்டு மருந்து கொடுத்ததிலிருந்துதான் என்று படபடத்தார். காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, சிரிக்கிறானா என்று கேட்டேன். சிரிக்கிறானாம். கெட்டியாக இருக்கிறதா, பிசுபிசுப்பாக ரத்த வாடை அடிக்கிறதா? அதெல்லாம் இல்லை, நிறம்தான். சேர்ந்த இரும்பு உள்ளே நின்றுவிட்டது மதினி, சேராத இரும்புதான் கறுப்பாக வெளியே வருகிறது, பயப்படாதீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்படியானால் கொடுத்ததில் பெரும்பகுதி துணியில்தான் இருக்கிறது" என்றார்.

ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். துணியைக் கழுவியாயிற்றாம், கறை போகவில்லையாம். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து வெயிலில் போடச் சொன்னேன்.

"வெயிலுக்கு எங்கே போக?" என்று வைத்துவிட்டார்.